கடவுளை வீழ்த்திய கப்பல்

தேவன் ஒருவன் தேம்புகிறான். மின்னலைக் கையிலேந்தி விளையாடியவன், மலையளவு வளர்ந்து நின்று மாந்தரை மிரட்டியவன், மண்டியிடுக, மாலை சூட்டுக, மந்தை மேய்த்து மகிழ்ந்திருக்க என்று கட்டளையிட்டவன், இன்று கைகளை வானோக்கி விரித்துக் கதறுகிறான். அவனுக்கு ஆற்றல் ஊட்டிய ஆலயம் கரிந்து கிடக்கிறது. வழிபட ஓர் ஆளில்லை. ஐயாயிரம் ஆண்டுகள் காத்திருந்த கடவுள், காற்றிலே கரைந்து போகிறான்.

புராண நாடகமா? அல்ல. நம் மேடைகளில் நடந்த சீர்திருத்த நாடகமா? அதுவுமன்று. 1967 செப்டம்பர் 22 அன்று அமெரிக்கத் தொலைக்காட்சியிலே காட்டப்பட்ட கதை இது. கடவுளின் பெயர் அப்பல்லோ, கிரேக்க நாட்டான். தொடரின் பெயர் ஸ்டார் ட்ரெக். ஜீன் ராடன்பெரி உருவாக்கி, 1966 முதல் 1969 வரை 79 கதைகளாக வெளிவந்த அறிவியல் கற்பனை. நம் நாட்டுத் தூர்தர்ஷனும் 1980களில் ஞாயிற்றுக்கிழமைகளில் அதைக் காட்டிற்று. இராமனுக்கும் கண்ணனுக்கும் கற்பூரம் ஏற்றிவிட்டுத் தொடர் பார்த்த அதே பத்தாண்டிலே, அதே பெட்டியிலே, கடவுளைக் கரைத்துக் காற்றில் விட்ட கதையும் ஓடிற்று என்பது வேடிக்கைதான்!

கல்லூரி நாட்களிலே இத்தொடரை நாம் வியந்து வியந்து பார்த்தோம். இப்போது மீண்டும் பார்க்கிறோம். வியப்பை ஒருபுறம் ஒதுக்கி வைத்துவிட்டுப் பார்க்கிறோம். பார்க்கும் இடமும் மாறிவிட்டது. ஒரகடத்தில் ஒரு வாடகை அறை. ஷிப்ட் முடித்து, கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வரும் தோழர்கள் ஏழெட்டுப் பேர். வகுப்பறைச் சுண்ணத்தூளைத் தட்டிவிட்டு வரும் நாம். ஆங்கில வசனத்தை அவ்வப்போது நிறுத்தித் தமிழிலே சொல்ல வேண்டியிருக்கிறது. நிறுத்துகிற ஒவ்வொரு இடத்திலும் வாதம் கிளம்புகிறது. வாதத்திலே விளைந்ததைத்தான் இங்கே எழுதுகிறோம்.

முதலில் பாராட்டைச் சொல்லிவிடுவோம். அப்பல்லோவின் கதையிலே நாணயமான துணிவு உண்டு. கடவுள் என்பார் வேற்றுலகிலிருந்து வந்த வலியவர். அன்றைய ஆட்டிடையர் அவர்களது வலிமையின் வகையறியாது வணங்கினர். வகையறிந்த மனிதன் வணங்க மறுக்கிறான். கப்பலின் தலைவன் கர்க் முகத்துக்கு நேரே சொல்கிறான், மனிதருக்குக் கடவுளர் தேவையில்லை என்று. அமெரிக்க வீட்டு நடுக்கூடத்திலே, உணவு வேளையை ஒட்டி, விளம்பரங்களுக்கிடையே இதைச் சொன்னது சிறு செயலன்று.

ஆனால், சொன்ன வாய் அடுத்த நொடியே சற்றுக் குழறுகிறது. ஒருவரே எங்களுக்குப் போதும் என்று ஒரு வால் ஒட்டிக்கொள்கிறது அந்த வசனத்திலே. பல கடவுளருக்கு விடை. ஒரு கடவுளுக்கு விலக்கு! மாதா கோயில்காரர் மனம் நோகக்கூடாதே, விளம்பரம் தருகிற வணிகர் விலகிவிடக் கூடாதே! பக்கத்து வீட்டுப் பிள்ளையாரை உடைப்பதற்குப் பக்கத்து வீட்டான் அறிவு போதும். தன் வீட்டு மாடத்திலுள்ளதைத் தொடுவதற்குத்தான் நெஞ்சுரம் வேண்டும்.

கதை முடிவிலே இன்னொன்றும் நடக்கிறது. தேவன் மறைந்த திசையைப் பார்த்துக் கர்க் பெருமூச்செறிகிறான். நாலு தழை பறித்து அவனுக்குச் சூட்டியிருந்தால் நமக்கென்ன குறைந்திருக்கும் என்று கலங்குகிறான். இந்த இடத்திலே நம் தோழர்கள் அனைவரும் ஒருசேரச் சிரித்துவிட்டனர். சிரிப்புக்குக் காரணம் வாசகருக்கு விளக்க வேண்டுமா? ஒரு தேங்காய் உடைத்தால் என்னடா குறைந்துவிடும் என்று அம்மா கேட்காத பகுத்தறிவாளன் வீடு எங்கே இருக்கிறது? மாமா கேட்பார், மாமியார் கேட்பார், மணமேடையிலே புரோகிதரே கேட்பார். குறைவது தேங்காய் அல்ல என்று நாமும் சொல்லிச் சொல்லிப் பார்க்கிறோம். விண்வெளியிலே பல கோடிக் கல் தொலைவு சென்ற தலைவனுக்கும் அதே கேள்வி, அதே தடுமாற்றம்!

மூன்று வாரங்கள் கழித்து, 1967 அக்டோபர் 13 அன்று, இன்னொரு கடவுளின் கதை வந்தது. இந்தக் கடவுள் ஓர் இயந்திரம். பெயர் வால். பாம்புத் தலைபோல் குகை வாயைத் திறந்து வைத்துக்கொண்டிருக்கிறது. மணியோசை கேட்டதும் மக்கள் ஓடுகிறார்கள்; கற்களைக் கொண்டுபோய் அதன் வாயிலே போடுகிறார்கள். அது தின்கிறது. பதிலுக்கு மழையும் வெயிலும் அளவாகத் தருகிறது. நோயில்லை, மூப்பில்லை. காதலுமில்லை, குழந்தையுமில்லை, கேள்வியுமில்லை.

இந்தக் காட்சியைப் பார்க்கும்போது நம் நெடுஞ்சாலை இருமருங்கிலும் நடக்கும் ஆயுத பூசையை எண்ணாமல் இருக்க முடியவில்லை. வடிவமைத்தவன் கொரியாவில் இருப்பான், ஜப்பானில் இருப்பான், ஜெர்மனியில் இருப்பான். கணக்கிட்டவன், வார்த்தவன், முடுக்கியவன் எல்லாரும் மனிதர். நள்ளிரவு ஷிப்டிலே கண் விழித்து ஓட்டுகிறவனும் மனிதன். பொட்டும் பொரியும் மட்டும் இயந்திரத்துக்கு! எண்ணெய் கேட்கிற இடத்திலே சந்தனம். காப்புறை கேட்கிற கைக்குக் கயிறு. பூசணிக்காய் உடைத்த சிதறலிலே இருசக்கர வண்டி சறுக்கி விழுகிறவனைப் பற்றிப் பேச இங்கே இடமில்லை.

ஆனால் தொடரின் மீது நமது முதல் பெரிய குற்றச்சாட்டு இங்கேதான் எழுகிறது. வால் எப்படி வீழ்கிறது? அந்த மக்களில் ஒருவன் எழுந்து, ஏன் தீனி போட வேண்டும் என்று கேட்டானா? இல்லை. கப்பல்காரர்கள் அம்மக்களைக் குடிசைக்குள் மறித்து வைக்கிறார்கள். தீனியின்றி இயந்திரம் தளர்கிறது. வானத்திலிருந்து கப்பல் ஒளிக்கணை தொடுக்கிறது. வால் செத்தது! திகைத்து நிற்கும் மக்களைப் பார்த்துக் கர்க், இனி நீங்களே நட்டு, கட்டி, சிந்தித்து வாழக் கற்றுக்கொள்வீர்கள் என்று புன்னகையோடு சொல்லிவிட்டுப் போய்விடுகிறான். அவர்களுள் ஒரு முகத்திலாவது தெளிவு தெரிகிறதா என்று திருப்பித் திருப்பி ஓட்டிப் பார்த்தோம். கலக்கந்தான் தெரிகிறது. காதிலே ஏதிலான் முகவரை வைத்திருந்த ஸ்பாக் ஒருவனே கதை நெடுக ஐயுறுகிறான். அவன் ஐயத்தைக் கேலி செய்து கதையை முடித்துவிடுகிறார்கள்.

பூட்டி வைத்துப் பகுத்தறிவு புகட்ட முடியுமா, தோழர்களே? சுயமரியாதை என்பது பிறர் கப்பலேறிக் கொண்டுவந்து இறக்கும் சரக்கா? இருபத்தைந்து மணி நேரம் பேசி ஒருவனைத் தாலியில்லாத் திருமணத்துக்கு இணங்க வைத்த அனுபவம் நமது இயக்கத்து ஊழியர் எவருக்கும் உண்டு. அந்த இருபத்தைந்து மணி நேரத்தைத்தான் இத்தொடர் ஐம்பது நிமிடத்திலே வெட்டி எறிந்துவிடுகிறது.

கடவுளை உடைக்கத் துணிந்த இந்தக் கப்பல், மேல்–கீழ் என்பதை உடைக்கத் துணிந்ததா? இந்தக் கேள்வியோடு மற்றக் கதைகளையும் பார்த்தோம்.

1967 பிப்ரவரியில் வந்த கதையொன்றிலே இந்தியன் ஒருவன் வருகிறான். கான் நூனியன் சிங் என்பது பெயர். வட இந்தியச் சீக்கியனாக இருக்கலாம் என்கிறாள் கப்பலின் வரலாற்றாசிரியை. நடித்தவர் மெக்சிகோ நாட்டு ரிக்கார்டோ மொண்டல்பான். முகத்துக்கு மை பூசி நடித்தார். கதைப்படி அவன் தேர்ந்தெடுத்த வித்திலே விளைந்த உயர்பிறவி. 1990களிலே உலகின் கால்பங்கை ஆண்ட கொடுங்கோலன். பிறப்பால் உயர்ந்தவன் என்ற எண்ணம் ஆட்சிக் கட்டிலேறினால் என்ன ஆகும் என்பதைக் காட்ட வந்த கதை. நல்ல கதை. ஆனால் தமக்குள்ளே என்ன பேசுகிறார்கள் கப்பலின் அதிகாரிகள்? கொடுங்கோலருள்ளே அவன் சிறந்தவன், அவன் மீது உள்ளூர ஒரு மதிப்பு உண்டு என்கிறார்கள்! ஸ்பாக் அதிர்ந்து போகிறான். இறுதியில் கப்பலையே கைப்பற்ற முயன்றவனுக்குத் தண்டனை ஒரு தனி உலகம். போய் ஆண்டு கொள்! பிறப்பின் உயர்வைப் பழிக்க வந்தவர்கள், அதன் மீசையழகைக் கண்டு மயங்கிப் போனார்கள்.

1969 ஜனவரி 10 அன்று வந்த கதை நிறவெறியைப் பற்றியது. முகத்தின் ஒரு பாதி கறுப்பு, மறு பாதி வெள்ளை; இருவர் வருகிறார்கள், ஒருவரையொருவர் வெறுக்கிறார்கள். கர்க்குக்குக் காரணம் புரியவில்லை. ஒருவனுக்கு வலப்பக்கம் கறுப்பு, மற்றவனுக்கு வலப்பக்கம் வெள்ளை என்று சுட்டிக்காட்டிய பிறகே புரிகிறது. இதை மெச்சுவோர் உலகெங்கும் உண்டு. நமக்கோ சிறுபிள்ளைப் பாடமாகத் தோன்றிற்று. இராமானுசர் பிறந்த ஊரென்று பெருமை பேசும் திருப்பெரும்புதூரின் சுற்றுவட்டாரத்திலே வாடகைக்கு வீடு கேட்டுப் போன தோழர்களைக் கேளுங்கள். முகத்தின் எந்தப் பாதியிலும் எதுவும் எழுதியிருக்கவில்லை. ஆகவே வீட்டுக்காரர் முதலில் ஊரைக் கேட்கிறார். பிறகு ஊரிலே எந்தப் பக்கம் என்று கேட்கிறார். பிறகு கோயில் திருவிழாவிலே உங்கள் தெருவுக்கு எந்த நாள் மண்டகப்படி என்று அன்பொழுகக் கேட்கிறார். கண்ணுக்குத் தெரியாத வேற்றுமையைக் காதாலே கண்டுபிடிக்கும் கலை வேற்றுலகத்தாருக்கு இன்னும் வரவில்லை!

இயந்திரக் கதைக்கு வருவோம். 1968 மார்ச் 8 அன்று வந்தது. அறிஞர் டேஸ்ட்ராம் ஒரு கணினி செய்கிறார். அதைக் கப்பலிலே பூட்டினால், நானூற்று முப்பது பேர் செய்த வேலைக்கு இருபது பேர் போதும். இந்த ஒரு வரியைக் கேட்டதும் நமது அறையிலே பேச்சு நின்றது. இருங்காட்டுக்கோட்டையிலே 1998இல் கார் உற்பத்தி தொடங்கிற்று. ஒரகடத்திலே 2010இல் ரெனோ–நிசான் ஆலை திறந்தது. கார்க்கூடு பற்றவைக்கும் பாடி ஷாப்பிலே பொறி பறக்க வளைந்து நிமிரும் ரோபோக் கைகளோடு வேலை செய்கிற தோழர்களுக்கு இது கற்பனைக் கதையன்று.

கதையிலே கர்க் கலங்குகிறான். தான் வேண்டாத உறுப்பாகிவிட்டோமோ என்று வாடுகிறான். மருத்துவர் மெக்காய் அப்போது ஒரு நல்ல உண்மையைச் சொல்கிறார்: அடுத்தவன் வேலையை இயந்திரம் பறித்தால் அனுதாபப்படுகிறோம், நம் வேலையைப் பறிக்கும்போதுதான் அது வேறாகத் தெரிகிறது என்று. சரியான சொல்! ஆனால் சொல்லிவிட்டுக் கதை எங்கே போகிறது? தலைவனின் நாற்காலியைச் சுற்றியே சுழல்கிறது. இறக்கி விடப்பட்ட நானூற்றுப் பத்துப் பேரைப் பற்றி ஒரு காட்சி உண்டா? சமையற்கூடத்திலே இருந்தவன், பொறிக்கூடத்திலே குழாய் துடைத்தவன், அவர்களின் கலக்கம் எங்கே? தலைவனுக்கு வேலை போனால் துன்பியல் நாடகம். தொண்டனுக்கு வேலை போனால் சிக்கனக் கணக்கு. அறையில் இருந்த தோழர் ஒருவர் கான்ட்ராக்ட் முடிந்து மூன்று மாதம் ஆனவர். கணினி வெறி கொண்டு பிற கப்பல்களைச் சுடத் தொடங்கியபோது மற்றவர் பதைத்தனர், அவர் மட்டும், "அந்த நானூறு பேருக்குச் சம்பளம் உண்டா?" என்று கேட்டார்.

அந்தக் கணினிக்கு வெறி எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். டேஸ்ட்ராம் தன் மூளையின் பதிவுகளையே அதிலே பொதிந்திருந்தார். அவரது அச்சமும் ஏமாற்றமும் அதற்கும் வந்து சேர்ந்தன. கதை இங்கே நம் பக்கம் நிற்கிறது. இயந்திரம் பேயுமன்று, தேவியுமன்று. செய்தவன் மனம் அதிலே இருக்கிறது. செய்வித்தவன் நோக்கமும் இருக்கிறது. எத்தனை பேரைக் குறைக்கலாம் என்று கணக்கிட்டுச் செய்தால் குறைக்கும். உழைப்பின் நேரத்தைக் குறைக்கலாம் என்று கணக்கிட்டுச் செய்தால் அதையும் குறைக்கும்.

இந்த இரண்டாவது கணக்கைப் போட்டுப் பார்த்தவர் ஒருவர் நம்மிடையே இருந்தார். 1940களிலே நூலாக வந்த ‘இனி வரும் உலகம்’ என்பதிலே பெரியார், கம்பியில்லாத் தந்திக் கருவி ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் இருக்குமென்றும், ஆளுக்கு ஆள் உருவம் காட்டிப் பேசுவரென்றும், ஓரிடத்தில் இருந்தபடியே பல இடத்தாருக்குக் கல்வி கற்பிக்கலாமென்றும் எழுதினார். கர்க் தன் இடுப்புக் கருவியை மடித்துத் திறந்து பேசியது அதற்கு இருபதாண்டுகள் பின்னர். அந்தச் சட்டைப்பைக் கருவியைத் திருப்பெரும்புதூரிலேயே செய்தார்கள், 2006 முதல் 2014 வரை, நோக்கியா ஆலையிலே. பெரும்பாலும் இளம் பெண்களின் விரல்கள் செய்தன. ஆனால் பெரியாரின் கற்பனை கருவியோடு நிற்கவில்லை. பாடுபடுகிறவன் ஒருவன், பலன் நுகர்கிறவன் வேறொருவன் என்ற பிரிவே அவ்வுலகில் இராது என்றார். கருவியைக் கண்டது அமெரிக்கத் தொடர். கருவி வந்த பின் யார் யாருக்கு ஏவல் செய்வது என்ற கேள்வியைக் கண்டது ஈரோடு. ஸ்டார் ட்ரெக் கப்பலிலே இருபத்து மூன்றாம் நூற்றாண்டிலும் தலைவன் நாற்காலி நடுவே இருக்கிறது; காப்பி கொண்டுவந்து நீட்டுகிறவள் பெண்ணாகவே இருக்கிறாள். கறுப்பின உஹூராவை அதிகாரியாக அமர்த்திய பெருமையை மறுக்கவில்லை. அவர் விலக நினைத்தபோது மார்ட்டின் லூதர் கிங் தடுத்தார் என்பதை நடிகை நிச்செல் நிக்கல்ஸ் பலமுறை சொல்லியிருக்கிறார். ஆனாலும் அவர் நாற்காலி திரும்பியிருந்தது சுவரை நோக்கி.

சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’வும் தூர்தர்ஷனில் தமிழ்த் தொடராக வந்தது. மக்களை எண்ணாக்கி ஆளும் ஜீவாவின் நாட்டிலே, உண்மையைத் தேடிப் புறப்படுவது கப்பல் தலைவன் அல்ல. நிலா என்னும் எளிய பெண்ணும் ஜீனோ என்னும் இயந்திர நாயும். இந்த ஒரு வேற்றுமைக்காகவே அதைத் தனியே எழுத வேண்டும். பிறிதொரு கிழமை பார்ப்போம்.

இனி, நம் தோழர்கள் மூன்று முறை பார்த்த கதை. 1969 பிப்ரவரி 28 அன்று வந்தது. ஆர்டானா என்னும் உலகம். மேகத்தின் மீது மிதக்கிறது ஸ்ட்ராட்டஸ் என்னும் நகரம். அங்கே ஓவியம், இசை, தத்துவம், மெல்லிய ஆடை. கீழே தரையிலே ஜெனைட் என்னும் கனிமத்தைத் தோண்டுகிறார்கள் ட்ராக்லைட்டுகள். தோண்டுகிறவன் மேலே வரக்கூடாது. ஏவல் செய்ய வந்தால் தங்கக்கூடாது. ஆளும் பிளாசஸ் விளக்கம் சொல்கிறார்: அவர்கள் பிறவியிலேயே அறிவு குன்றியவர்கள், கலையின் நயம் அறியார், ஆகவே சுரங்கமே அவர்களுக்குரிய இடம் என்று. எங்கோ கேட்ட குரலாக இருக்கிறதல்லவா? மேகத்திலும் மனு இருக்கிறான்!

மருத்துவர் மெக்காய் ஆராய்கிறார். ஜெனைட் வெளிவிடும் ஆவிதான் சுரங்கத்தாரின் அறிவை மழுக்கிச் சினத்தை மூட்டுகிறது. வடிகட்டும் முகமூடி போட்டால் தெளியும் என்று காண்கிறார். பிளாசஸ் நம்ப மறுக்கவே, கர்க் அவரையும் சுரங்கத்துக்குள் இழுத்துத் தன்னோடு அடைத்துக்கொள்கிறான். சற்று நேரத்தில் மேகநகரத்துப் பெருமகன் மண்ணிலே புரண்டு அடிதடியில் இறங்குகிறார்! தத்துவம் எங்கே, நயம் எங்கே? அதே காற்றை மூச்சிழுத்தால் மேலோனும் அதுவாகவே ஆகிறான். பிறவியல்ல, சூழல் என்பதை இவ்வளவு சுருக்கமாகக் காட்டிய காட்சி இத்தொடரில் வேறில்லை. கைதட்டினோம்.

கைதட்டி ஓய்ந்த பிறகு ஒரு தோழர் கேட்டார்: ஆவியே இல்லையென்றால்?

கேட்டதும் கதை ஆட்டம் கண்டுவிட்டது. பிளாசஸின் குற்றச்சாட்டைக் கதை மறுக்கவில்லை, பாதி ஒப்புக்கொள்கிறது. ஆம், அறிவு குன்றியவர்தாம், ஆனால் மருந்து உண்டு என்கிறது. மருத்துவச் சான்றிதழ் வந்த பின்னரே நீதி வழங்கப்படுகிறது. நம் நாட்டிலே ஒடுக்கப்பட்டோர் படிக்க வந்தபோது, தகுதி உண்டா, திறமை உண்டா என்று அளவுகோல் நீட்டியவர்களை நாம் அறிவோம். அளந்து பார்த்துச் சரியென்று கண்ட பிறகு தருவதா உரிமை? சுரங்கத்தான் கவிதை எழுதாவிட்டாலும், தத்துவம் பேசாவிட்டாலும், அவன் தோண்டியதிலே அவனுக்குப் பங்கு உண்டல்லவா? மூலக்கதை தந்தவருள் ஒருவரான டேவிட் ஜெரால்டே, அநீதியைப் பற்றிய தன் கதை முகமூடிப் பிரச்சினையாகச் சுருக்கப்பட்டுவிட்டது என்று பின்னாளிலே கசந்து எழுதினார். எழுதியவருக்கே பொறுக்கவில்லை!

இங்கே சுங்குவார்சத்திரத்திலே, சாம்சங் ஆலைத் தொழிலாளர் 2024 செப்டம்பர் 9 அன்று வேலைநிறுத்தம் தொடங்கி 37 நாட்கள் அமர்ந்திருந்தார்கள். கூலியும் நேரமும் கோரிக்கையில் இருந்தன. ஆனால் முதன்மையாக நின்றது, எங்கள் சங்கத்தை ஏற்றுக்கொள்ளுங்கள் என்பதே. 2025 ஜனவரியிலே சங்கம் பதிவாயிற்று. வானிலிருந்து எந்தக் கர்க்கும் இறங்கவில்லை. எந்த மெக்காயும் அவர்கள் மூளையை அளந்து சான்று தரவில்லை. பந்தலின் கீழ் உட்கார்ந்தவர்கள் தாமே பேசினார்கள், தாமே எழுதினார்கள், தாமே பேச்சுவார்த்தை மேசைக்குப் போனார்கள். இந்த நெடுஞ்சாலையிலே அன்றாடம் போய்வருகிற நமக்கு, கர்க் நடுவராக நின்று இருதரப்பையும் கைகுலுக்க வைக்கும் முடிவு சப்பென்று இருந்ததிலே வியப்பில்லை.

ஆனாலும் அந்தக் கதையிலே வான்னா இருக்கிறாள். சுரங்கத்துப் பெண், மேகநகரத்திலே பணிப்பெண்ணாக வளர்ந்தவள், போராட்டக்காரருக்குத் தலைமை தாங்குகிறவள். வதைக்கூண்டிலே நிறுத்தி ஒளிக்கதிரால் வாட்டினாலும் தோழர் பெயரைச் சொல்லாதவள். முகமூடி தந்தாயிற்றே, இனியென்ன என்ற தோரணையிலே பிளாசஸ் நிற்கையிலே, எங்கள் கோரிக்கைகள் இப்போதுதான் தொடங்குகின்றன என்ற பொருள்பட அவள் பேசுகிறாள். 79 கதைகளிலும் கப்பலேறாமல் தன் காலிலே நின்று பேசுகிற குரல்களில் அதுவொன்று. அந்தக் கோரிக்கைகள் என்னவென்று நாம் காது கொடுக்கும்போதே, கர்க் ஜெனைட்டை எடுத்துக்கொண்டு புறப்படுகிறான். படப்பிடிப்புக் கருவியும் அவனோடு போய்விடுகிறது. ஆர்டானாவின் சுரங்கத்திலே அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று பார்ப்பதற்கு அந்தக் கப்பல் ஒரு முறைகூடத் திரும்பி வரவில்லை.